மலையில் எஸ்.டி.பி.: குளிர் வந்ததிலிருந்து மறுசுழற்சித் தண்ணீர் நாறுகிறது, மூடிவிடலாமா?

கேள்வி: மேட்டுவீட்டு டீச்சர் (ஜனவரி 9)

வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் 64 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற ஜூலையில் சங்கச் செயலாளர் பொறுப்பை ஏற்றேன், அதோடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் (எஸ்.டி.பி.) என் பொறுப்பாயிற்று.

நாளைக்கு 40,000 லிட்டருக்குக் கட்டியது. வருவது சுமார் 25,000 லிட்டர். காற்று ஊதும் ஏரேஷன் தொட்டி, கசடு படியும் செட்லிங் தொட்டி, மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியில் குளோரின். சுத்தமான தண்ணீர் தனிக் குழாயில் ஏறி எல்லா வீட்டுக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் போகிறது. அக்டோபர் வரை நிறமில்லை, வாடையில்லை. விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

நவம்பர் மழையில் நிலைமை மாறியது. இரண்டு நாள் மீட்டர் 60,000 லிட்டரைத் தாண்டியது. செட்லிங் தொட்டியின் மேல் பழுப்பாகக் கசடு பொங்கி வழிந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர், "பழைய கசடு சேர்ந்துபோச்சு, எடுத்துட்டா சரியாயிடும்" என்று லாரி வரவழைத்து இரண்டு லோடு எடுத்துப் போனார். அதன்பிறகு ஒருநாள்கூடத் தண்ணீர் நன்றாக இல்லை. டிசம்பர் குளிர் தொடங்கியதும் மோசமானது. ஃப்ளஷ் தொட்டியைத் திறந்தால் மாட்டுத்தொழுவ வாடையும் பிளீச்சிங் பவுடர் நெடியும் சேர்ந்து வருகிறது. தண்ணீர் வெளிர் மஞ்சள். பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். கண் எரிகிறது, வாடை போகவில்லை.

சென்ற வாரம் சொந்தப் பொறுப்பில் கோவை லேபுக்கு அனுப்பினேன். உள்ளே வரும் கழிவுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 42 மில்லிகிராம், காரத்தன்மை (புளிப்பை அடக்கும் சக்தி) 180. வெளியே போவதில் அம்மோனியா 19, காரத்தன்மை 20, பி.ஹெச். (7க்குக் கீழே புளிப்பு) 6.0, பி.ஓ.டி. (மிச்சமிருக்கும் அழுக்கைக் காட்டும் அளவு) 24. ஏரேஷன் தொட்டியில் எம்எல்எஸ்எஸ் (தண்ணீரில் கலந்திருக்கும் கசடின் அளவு) 1,200. காலை பத்து மணிக்குத் தொட்டித் தண்ணீரின் வெப்பம் 14 டிகிரி, கரைந்த ஆக்ஸிஜன் 0.8. எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்தில் பி.ஓ.டி. 10க்கு மேல் போகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் இதை மூடச் சொல்கிறார்கள். கட்டுமானக் காலத்தில் சரிவில் தோண்டிய உறிஞ்சு குழி ஒன்று இருக்கிறது, அதில் விட்டுவிட்டு நிரம்பினால் லாரி கூப்பிடலாம் என்பது அவர்கள் யோசனை. அந்தச் சரிவுக்குக் கீழே ஒரு ஹட்டி, படுகர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் அங்கே குழந்தை குட்டிகளோடு இருக்கிறார்கள். என்னால் அதற்குச் சரி சொல்ல முடியாது.

இன்னொன்று. தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் கொதிப்பதுபோல் பெரிய பெரிய குமிழியாக வருகிறது, மற்ற இடம் அமைதியாக இருக்கிறது. அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர் கிழிந்திருக்கும், ஆளை உள்ளே இறக்கி மாற்றுகிறோம், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூட்டம் 18ஆம் தேதி மறுபடியும் கூடுகிறது.

பதில்: நாலாவது மாடி (ஜனவரி 9)

வணக்கம் மேடம். நாங்கள் கோவையில் 120 வீட்டு அபார்ட்மென்ட். எங்களுக்கும் ஒருமுறை இப்படி நாற்றம் வந்தது. பாக்டீரியா பொடி கிலோக்கணக்கில் விற்கிறார்கள், வாரம் ஒரு கிலோ கரைத்து ஊற்றினோம், காற்று ஊதும் ப்ளோயரை 24 மணி நேரமும் ஓட்டினோம், பத்து நாளில் சரியாயிற்று. பிளீச்சிங் பவுடருக்குப் பதில் ஹைப்போ என்ற குளோரின் திரவம் போடுங்கள், பவுடர் அடியில் சுண்ணாம்பாகத் தங்கிக் குழாயை அடைக்கும். மூடுவது மட்டும் வேண்டாம். கோடையில் எங்கள் பக்கம் ஒரு லாரித் தண்ணீர் விலை கேட்டால் தெரியும்.

பதில்: குன்னூர் ஆபரேட்டர் (ஜனவரி 10)

டீச்சரம்மா, வணக்கங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எழுதறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

கடைசியா கேட்டதுக்கு முதல் பதில். ஆளை இறக்கற காகிதத்துல கையெழுத்துப் போடாதீங்க. எவ்வளவு வற்புறுத்தினாலும் போடாதீங்க. 2006ல திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல கசடுத் தொட்டில நானே இறங்கியிருக்கேன். அரை ஆள் ஆழம்தான் கசடு. முதல்ல அழுகின முட்டை வாடை வந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல வாடை நின்னுபோச்சு. காத்து நல்லாயிருச்சுன்னு நினைச்சு இன்னும் நாலு அடி உள்ள போனேன். நல்லாகலைங்க, மூக்குதான் செத்துப்போச்சு. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வந்தா மூக்குக்கு அது தெரியாது. முட்டி மடங்குனது ஞாபகம் இருக்கு. மேல நின்னவர் என் சட்டைக் காலரையும் தலைமுடியையும் சேர்த்துப் புடிச்சு இழுத்ததால இன்னைக்கு உங்களுக்கு எழுதறேன். அந்த வாயு காத்தைவிடக் கனம், தொட்டி அடியிலயே படுத்திருக்கும். கையால மலம் அள்ளறதையும், பாதுகாப்பு இல்லாம சாக்கடை, செப்டிக் டேங்குல ஆள் இறக்கறதையும் 2013 சட்டம் தடை பண்ணுது. செத்தா 30 லட்சம் கொடுக்கணும்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அந்த 30 லட்சத்தை வாங்கிட்டு செத்தவனோட பொண்டாட்டி என்ன பண்ணுவா?

டிஃப்யூசரை ஆள் இறங்காமலே மாத்தலாம். காத்துக் குழாய்ல வால்வுக்குக் கீழ யூனியன், அதாவது கழட்டி மாட்டற இணைப்பு, இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தக் கிளையை மட்டும் கழட்டி, குழாயோட சேர்த்துக் கயிறு கட்டி மேல தூக்கி, ரப்பரை மாத்தி திரும்ப இறக்கலாம். யூனியன் இல்லைன்னா ஒரு தடவை பிளம்பரை வெச்சு மேல்பக்கத்துல வெட்டி யூனியன் போட்டுக்குங்க. அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் உள்ள இறங்க வேண்டியதில்லை.

இப்ப தண்ணிக்கு வர்றேன். உங்க தொட்டி கெட்டுப்போகலைங்க. காரத்தன்மை தீர்ந்துபோச்சு, வேலை பண்ற பாக்டீரியாவைப் பாதி லாரில அனுப்பிட்டாங்க, மீதி குளிர்ல ஒடுங்கிக் கிடக்குது. நீங்க எழுதின ரிப்போர்ட்ல மூணுமே தெரியுது.

சிறுநீர்ல இருந்து வர்ற அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தறதுக்குன்னு தனி பாக்டீரியா இருக்கு. மத்த அழுக்கைத் தின்னறதெல்லாம் மணிக்கணக்குல பெருகும். இது நாள் கணக்குல பெருகற இனம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாத்தறதுக்கு இதுக்கு 4.57 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேணும், 7.14 மில்லிகிராம் காரத்தன்மையும் வேணும். உங்களுக்கு வர்ற அம்மோனியா 42. அதை முழுசா மாத்த 300 காரத்தன்மை வேணும். உள்ள வர்றதே 180தான். அதுல 160ஐத் தின்னு தீர்த்து 42ஐ 19க்குக் கொண்டுவந்திருக்கு. 20 மிச்சம் இருக்கறப்ப பி.ஹெச். 6க்கு இறங்கிருச்சு, அந்தப் புளிப்புல அது வேலையை நிறுத்திருச்சு. 160ஐ 7.14ஆல வகுத்துப் பாருங்க, 22 வரும். உங்க அம்மோனியா குறைஞ்சதும் 23. கணக்கு இவ்வளவு சுத்தமா உட்கார்றதைப் பார்த்தே உங்க லேப் ரிப்போர்ட்டை நம்பறேன்.

கோவை நண்பர் சொன்னது கோவைக்குச் சரிங்க. அங்க போர் தண்ணி. காய்ச்சின பாத்திரத்துல வெள்ளையா படியும், குளிச்சா சோப்பு நுரை வராது. அந்தச் சுண்ணாம்புதான் அவங்க தொட்டிக்குக் காரத்தன்மை, இனாமா கிடைக்குது. நம்ம மலைத் தண்ணி சார்னோகைட் பாறைல ஊறி வர்றது, சுண்ணாம்பே கிடையாது. இங்க கையில சோப்பு போட்டா நாலு தடவை அலசினாலும் வழுவழுப்பு போகாது, நீங்களே பார்த்திருப்பீங்க. குடிக்க அமிர்தம். எஸ்.டி.பி.க்கு அதுல ஒண்ணும் இல்லை.

இது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது. 2011 ஜனவரி கடைசில உயர் நீதிமன்ற உத்தரவுல திருப்பூர்ல சாயப்பட்டறை எல்லாம் மூடினாங்க, வேலை போச்சு, குன்னூர்ல ஒரு விடுதி எஸ்.டி.பி.க்கு வந்தேன். வந்த முதல் மார்கழில உங்களுக்கு ஆன அதே கதை. மூட்டை மூட்டையா பாக்டீரியா பொடி போட்டேன், சாணி கரைச்சு ஊத்தினேன், வெல்லம் ஊத்தினேன். விடுதிக்காரங்க என்னை மாத்தறதா இருந்தாங்க. ஒரு டீ ஃபேக்டரில லேப் பார்த்த பெரியவர் ஒருத்தர் சாம்பிளை வாங்கிட்டுப் போய் காரத்தன்மை 12ன்னு சொன்னார். "உயிரைப் போட்டுட்டே இருக்கியே, அது எதைத் தின்னு வாழும்?"னு கேட்டார். மறுநாள் மேட்டுப்பாளையத்துல இருந்து ஆப்பசோடா மூட்டை வரவழைச்சேன். ராத்திரி ராத்திரி டார்ச் வெச்சு அம்மோனியா கிட் போட்டுப் பார்ப்பேன். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பில கரும்பச்சையா வரும். பதினெட்டாவது நாள் இளம்பச்சை. இருபத்தாறாவது நாள் எலுமிச்சம்பழ மஞ்சள், அப்படின்னா அம்மோனியா இல்லை. குப்பியைத் தூக்கிட்டுப் போய் தூங்கிட்டிருந்த வாட்ச்மேனை எழுப்பிக் காட்டினேன்.

உங்க கணக்கு இதுங்க. 300க்கு 180 போக 120 குறையுது. அதுபோக வெளிய போறப்ப 80 மிச்சம் இருக்கணும், அப்பத்தான் பி.ஹெச். 7ல நிக்கும். ஆக லிட்டருக்கு 200 மில்லிகிராம். 25,000 லிட்டருக்கு 5 கிலோ காரத்தன்மை. ஆப்பசோடாவா போட்டா நாளைக்கு எட்டரைக் கிலோ ஆகும். முதல் நாளே எட்டரையைக் கொட்டாதீங்க. 3 கிலோல ஆரம்பிங்க, ரெண்டு நாளைக்கு ஒரு கிலோ கூட்டுங்க, பி.ஹெச். 7.2க்கு வந்ததும் அங்கயே நிறுத்துங்க. 200 லிட்டர் டிரம்ல கரைச்சு, சின்னக் குழாய் போட்டு நாள் முழுக்கச் சொட்டற மாதிரி ஏரேஷன் தொட்டில விடுங்க. சுண்ணாம்பு மலிவுதான், ஆனா கை தவறினா பி.ஹெச். 10க்கு எகிறிடும், இருக்கறதும் செத்துரும். புதுசா பார்க்கறவங்க கையில சுண்ணாம்பைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ரெண்டாவது, கசடு. நவம்பர்ல எடுத்த ரெண்டு லோடும் பழசு இல்லைங்க, அதுதான் உங்க ஆளுங்க. 20 டிகிரில வளர்ற வேகத்துல ஏறக்குறைய பாதிதான் 14 டிகிரில வளரும். அதனால குளிர் காலத்துல கசடைச் சேர்த்து வெச்சுக்கணும், எடுக்கக் கூடாது. 1,200 பத்தாது, 3,000, 3,500 இருக்கணும். பொடி வாங்காதீங்க. மலைல நல்லா ஓடிட்டிருக்கற வேற எஸ்.டி.பி.ல இருந்து 5,000 லிட்டர் கெட்டிக் கசடு ஒரு லோடு கேட்டு வாங்குங்க. குளிருக்குப் பழகின உயிர் அது. லாரியை நல்லா கழுவச் சொல்லுங்க, செப்டிக் டேங்க் ஏத்தின மிச்சம் இருக்கக் கூடாது. ஏத்தி ரெண்டு மணி நேரத்துக்குள்ள உங்க தொட்டில ஊத்திரணும். உங்களுக்கு எங்கயும் கிடைக்கலைன்னா எங்க முதலாளிகிட்ட நான் பேசறேன்.

தினமும் காலைல ஒரு லிட்டர் அளவு ஜாடில ஏரேஷன் தண்ணியை மொண்டு மேஜை மேல வைங்க, ஆட்டாதீங்க. அரை மணி நேரத்துல கசடு எவ்வளவுல உட்காருதுன்னு குறிச்சு வைங்க. இப்ப 110 மில்லி கிட்ட இருக்கும்னு நினைக்கறேன். 300 வரணும். நிறம் காப்பிப்பொடி மாதிரி இருக்கணும், முகர்ந்தா முதல் மழை பெஞ்ச மண்வாசனை வரணும். கறுப்பா, அழுகின வாடையா இருந்தா காத்து பத்தலை.

காத்து பத்தலைங்கறது உங்க 0.8லயே தெரியுது. 2 இருக்கணும். பாதிக் காரணம் கிழிஞ்ச டிஃப்யூசர். மீதி, இந்த டிசைனைக் கீழ உட்கார்ந்து போட்டு அப்படியே மேல தூக்கி வந்திருக்காங்க. 1,800 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல அஞ்சுல நாலு பங்குதான். ப்ளோயர் அதே சத்தம் போட்டு அதே அளவு காத்தைத் தள்ளும், அதுக்குள்ள ஆக்ஸிஜன் அஞ்சுல ஒரு பங்கு குறைச்சல். ஸ்டாண்ட்-பை ப்ளோயர் இருந்தா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்க. காத்து ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க, மூடுபனில ஈரமாகி அட்டை மாதிரி ஆகியிருக்கும். தொட்டி திறந்து கிடந்தா பூப்பண்ணைக்குப் போடற பாலிஹவுஸ் ஷீட்டை மேல போடுங்க, ராத்திரி ஒரு டிகிரி ரெண்டு டிகிரி மிஞ்சும். நாலு பக்கமும் காத்து போக விடுங்க, மூடிக் கட்டிராதீங்க.

பிளீச்சிங் பவுடர் ஏன் எடுபடலைன்னு கேட்டீங்க. அம்மோனியா இருக்கற வரைக்கும் குளோரின் அதோட சேர்ந்து குளோரமின் ஆயிரும். அந்தக் கண்ணெரிச்சலும் நெடியும் அதுதான். ஒரு பங்கு அம்மோனியாவைத் தாண்டறதுக்குப் பத்துப் பங்கு குளோரின் வேணும். 19க்கு 190. உங்க தண்ணிக்கு நாளைக்கு 16 கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டணும். கொட்டினா உங்க தோட்டம் கருகிரும். அம்மோனியாவைத் தொட்டில முடிச்சுட்டா, அப்புறம் கொஞ்சம் ஹைப்போ போதும், அரை மணி நேரம் கழிச்சு 1 மில்லிகிராம் மிச்சம் நிக்கும். மஞ்சள் நிறம் கார்பன் தீர்ந்ததால. அதைக் கடைசில மாத்துங்க. இப்ப மாத்தினா காசு வீண்.

மழைத்தண்ணிக்கு ஒரு சோதனை. எந்த வீட்டுக் கூரைக் குழாயோ கழிவுநீர் லைன்ல சேர்ந்திருக்கு, இல்லைன்னா 25,000 எப்படி 60,000 ஆகும்? துணிக்குப் போடற சொட்டு நீலம் நாலு பாட்டில் வாங்குங்க. ஒவ்வொரு வீட்டுக் கூரைக் குழாய்லயும் ஒரு பக்கெட் நீலத்தண்ணி ஊத்தி, கீழ சேம்பர்ல ஒருத்தரை நிறுத்துங்க. நீலம் வந்தா அந்த வீடு.

உறிஞ்சு குழி பத்தி கூட்டத்துல நான் சொன்னதா சொல்லுங்க. தினம் 25,000 லிட்டர் ஒரே சரிவுல இறங்கினா அந்த மண்ணு தாங்காது. 2009 நவம்பர்ல இந்த மாவட்டத்துல மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்க. அந்த வாரம் நான் திருப்பூர்ல இருந்தேன். இங்க இருந்தவங்ககிட்ட கேளுங்க, எந்தச் சரிவு முதல்ல விட்டுச்சு, அதுக்குள்ள தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு. லாரில எடுக்கறதும் ஆகாத காரியம், தினம் அஞ்சு லோடு. அந்த லாரி எங்க கொண்டுபோய்க் கவுக்கும்னு ஒருத்தரும் கேட்கறதில்லை. நம்ம ஓடை எல்லாம் கடைசில பவானிக்குத்தான் போகுது, கீழ அதைக் குடிக்கறாங்க.

பதில்: கொடை விடுதி (ஜனவரி 11)

ஆபரேட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொடைக்கானலில் 22 அறை விடுதி நடத்துகிறேன், சிறிய எஸ்.டி.பி. இருக்கிறது.

சமையலறை எண்ணெயைக் கவனியுங்கள். இந்த மாதத்தில் அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. அதேதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. கீழே சமவெளியில் எண்ணெய் தண்ணீரோடு ஓடி எங்கேயோ போய்ச் சேரும். இங்கே முதல் வளைவிலேயே மெழுகாக உறைந்துவிடும். போன வருடம் எங்கள் லைனில் ஒரு அடி நீளத்துக்கு வெள்ளை மெழுகுத் துண்டு வந்தது, சோப்புக் கட்டி என்று நினைத்தேன். மீதி எண்ணெய் ஏரேஷன் தொட்டிக்குப் போனால் அந்தக் கசடு எழும்பி மிதக்கும். உங்கள் 64 வீட்டுக்கும் பொதுவாக எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் தொட்டி இருக்கும். குளிர்காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை அகப்பையால் மேலே இருப்பதை எடுத்து வாளியில் போடுங்கள். பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்ற வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். என் மனைவி படம் வரைந்து ஒட்டினாள், எழுதியதைவிட அது நன்றாக வேலை செய்தது.

தோட்டத்துக்கு விடுவதாக எழுதியிருந்தீர்கள். கேரட், முள்ளங்கி, கீரைப் பாத்திக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். வேலிச் செடி, ஹைட்ரேஞ்சியா, புல்தரைக்கு விடுங்கள். எங்கள் பிள்ளைகள் பாத்தியிலிருந்து கேரட்டைப் பிடுங்கி அப்படியே கடிப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

பதில்: மேட்டுவீட்டு டீச்சர் (பிப்ரவரி 22)

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

18ஆம் தேதிக் கூட்டத்தில் குன்னூர் ஆபரேட்டர் தம்பி எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். காலரையும் முடியையும் பிடித்து இழுத்த இடம் வந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. ஆள் இறக்கும் பேச்சு அதோடு முடிந்தது. யூனியன் இல்லை, பிளம்பர் வந்து மேலேயே வெட்டிப் போட்டார். தூக்கிப் பார்த்தால் டிஃப்யூசர் ரப்பர் ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உறிஞ்சு குழியை மண் போட்டு மூடத் தீர்மானம் போட்டோம். 41 கை எழுந்தது.

கசடு ஒரு லோடு குன்னூர் பக்கமிருந்து ஜனவரி 21 வந்தது. தம்பிக்கும் அவர் முதலாளிக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆப்பசோடா 3 கிலோவில் தொடங்கி 8 கிலோவில் பி.ஹெச். 7.2க்கு வந்தது. ஜாடியை நானே தினமும் வைக்கிறேன். முதல் நாள் 105, இன்று காலை 290. மண்வாசனை வருகிறதா என்று முதல் மூன்று வாரம் முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். பிப்ரவரி 12 காலை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

நேற்று வந்த ரிப்போர்ட்டில் அம்மோனியா 1.8, காரத்தன்மை 85, பி.ஓ.டி. 8. ஃப்ளஷ் தொட்டியில் வாடை இல்லை. மஞ்சள் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, புது கார்பனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சொட்டு நீலச் சோதனையில் ஆறு வீடு அகப்பட்டது. அதில் ஒன்று என் வீடு. கட்டும்போதே அப்படிச் சேர்த்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. முதலில் என் வீட்டுக் குழாயைத்தான் மாற்றினேன், அதன்பிறகு மற்ற ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடிந்தது.

ஒரு கேள்வி பாக்கி. ஆப்பசோடா செலவு சிலருக்குக் கண்ணை உறுத்துகிறது. குறைக்க வழி உண்டா?

பதில்: குன்னூர் ஆபரேட்டர் (பிப்ரவரி 23)

டீச்சரம்மா, 1.8ன்னு படிச்சதும் வீட்ல எல்லாருக்கும் சொன்னேன்.

செலவு குறையுங்க, இப்பத்தான் குறைக்கலாம். அம்மோனியா நைட்ரேட்டா மாறியாச்சு. அந்த நைட்ரேட்டைக் காத்து இல்லாத நேரத்துல வேற பாக்டீரியா நைட்ரஜன் வாயுவா மாத்தி விட்டுரும். அப்படி மாத்தறப்ப 1 மில்லிகிராமுக்கு 3.57 காரத்தன்மை திரும்பக் கிடைக்கும், செலவழிச்சதுல பாதி. அதுக்கு டைமர் போட்டு ப்ளோயரை ரெண்டு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்துங்க. கழிவுநீர் அதிகமா வர்ற காலை ஏழுல இருந்து ஒன்பதுக்குள்ள ஒரு நிறுத்தம் வர்ற மாதிரி வைங்க, புதுத் தண்ணில இருக்கற அழுக்கு அதுக்குச் சாப்பாடு. எட்டு கிலோ அஞ்சு கிட்ட இறங்கும். கரண்ட் பில்லும் குறையும்.

குளிர் முழுசா விடட்டும், மார்ச் பத்து தேதிக்கு மேல ஆரம்பிங்க. ஆரம்பிச்ச முதல் வாரம் தினம் ஒரு தடவை அம்மோனியா கிட் போடுங்க. 5 தாண்டினா டைமரை எடுத்துட்டு எனக்கு எழுதுங்க. ஏப்ரல்ல சீசனுக்கு உங்க வீடுகள்ல சொந்தக்காரங்க வந்து தங்குவாங்க, தண்ணி கூடும், அதுக்குள்ள இது பழகியிருக்கணும்.